கேஸ் மீட்டரில் ஒரு யூனிட், பில்லில் வேறு யூனிட்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஜனவரி மாத கேஸ் பில் 259 பவுண்ட் என்று வந்தது. இரண்டு படுக்கையறை வாடகை வீடு. ஹீட்டிங் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், அவ்வளவுதான் ஓடியது. பில்லைப் பார்த்த பயத்தில் பிப்ரவரி முழுவதும் ஹீட்டிங்கை அணைத்து வைத்தோம். மகளுக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, மூவரும் ஒரே அறையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். உண்மையில் அந்த மாதம் நாங்கள் கட்ட வேண்டியிருந்தது 98 பவுண்ட்தான். மீதி 161 பவுண்டும் பில்லில் இருக்கக் கூடாத ஒரே ஒரு பெருக்கலால் வந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மில் பலர் சறுக்கும் இடம் "யூனிட்" என்ற சொல். ஊரில் மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. மீட்டரில் நூறு கூடினால் பில்லிலும் நூறு. இங்கே கரண்ட் மீட்டரும் அப்படித்தான். கேஸ் மீட்டர் அப்படியில்லை. குழாய் வழியே எவ்வளவு கேஸ் போனது என்று கன அளவைத்தான் அது எண்ணுகிறது. பில் போடுவதோ அந்த கேஸை எரித்தால் கிடைக்கும் ஆற்றலுக்கு, கிலோவாட் மணியில். நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அது சரியாக நடந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் ஒழுங்குமுறை அமைப்பு வேறு.

1. மீட்டரின் முகத்தைப் படியுங்கள்

மீட்டர் வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, சமையலறை அலமாரிக்குள்ளோ இருக்கும். அடுக்குமாடி என்றால் கீழே பொது அறையில் இருக்கலாம். டார்ச் அடித்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எண்களுக்குப் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது. எம் எழுத்தின் மேல் சிறிய 3 போட்டிருந்தால் அது மெட்ரிக் மீட்டர், கன மீட்டரில் எண்ணுகிறது. எஃப், டி எழுத்துகளுக்கு மேல் 3 இருந்தாலோ, கியூபிக் ஃபீட் என்று எழுதியிருந்தாலோ அது பழைய இம்பீரியல் மீட்டர். அதன் ஒரு யூனிட் நூறு கன அடி.

இரண்டாவது, இலக்கங்கள். மெட்ரிக் மீட்டரில் பொதுவாக ஐந்து கறுப்பு இலக்கம், பிறகு புள்ளி, அதன்பின் சிவப்பில் சில இலக்கங்கள் இருக்கும். இம்பீரியலில் நான்கு கறுப்பு இலக்கம். ஆனால் இலக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், அச்சிட்ட எழுத்துதான் உறுதி.

மூன்றாவது, மீட்டரின் சீரியல் நம்பர். பார்கோடுக்கு மேலோ கீழோ இருக்கும்.

இந்த மூன்றும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், பின்னால் ஒரு தகராறு வரும்போது "இந்த எண் அந்த மீட்டருடையதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள்.

ஸ்மார்ட் மீட்டர் (ரீடிங்கைத் தானாகவே கம்பெனிக்கு அனுப்பும் மீட்டர்) இருந்தால் அது மெட்ரிக்தான். ஆனால் சமையலறையில் வைத்திருக்கும் சின்னத் திரையை நம்பி ரீடிங் எழுதாதீர்கள். அது கிலோவாட் மணியிலோ பவுண்டிலோ காட்டிக்கொண்டிருக்கும், கேஸ் விவரம் அரை மணிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். மீட்டருக்கே போய்ப் பாருங்கள்.

இன்னும் சில பழைய வீடுகளில் கடிகாரம் போல முள் சுற்றும் மீட்டர் உண்டு. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து முள்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். முள் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் சிறிய எண்ணை எழுதுங்கள். 9க்கும் 0க்கும் நடுவே என்றால் 9.

2. மீட்டர் உங்கள் வீட்டினுடையதுதானா?

தனி வீட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பொது அறையில் ஆறு மீட்டர் வரிசையாக இருக்கும் இடத்தில் இருப்பவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

பாய்லரையும் அடுப்பையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள், எண் நகரக் கூடாது. பிறகு வீட்டில் ஒருவரை அடுப்பின் எல்லா பர்னரையும் பற்ற வைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள், கடைசி சிவப்பு இலக்கம் நகர வேண்டும். இரண்டும் சரியென்றால் அது உங்கள் மீட்டர். அதன் சீரியல் நம்பர் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விடாதீர்கள்.

எல்லாம் அணைத்த பிறகும் மீட்டர் நகர்ந்தாலோ, கேஸ் வாசனை வந்தாலோ பில்லை மறந்துவிடுங்கள். ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், வெளியே வந்து 0800 111 999க்குப் போன் செய்யுங்கள். இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

3. பில்லில் இந்த எண்களைத் தேடுங்கள்

முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை இப்போது வேண்டாம். இரண்டாம் பக்கத்திலோ பின்பக்கத்திலோ சின்ன எழுத்தில் இருப்பவைதான் நமக்கு வேண்டும்.

முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்தோ சொல்லோ இருக்கும்: எஸ்டிமேட்டட் என்றால் அவர்களாகக் கணித்தது, ஆக்சுவல் என்றால் நேரில் அல்லது ஸ்மார்ட் மீட்டர் வழியாக எடுத்தது, கஸ்டமர் என்றால் நீங்கள் கொடுத்தது. இரண்டில் ஒன்று கணித்ததாக இருந்தால்கூட அந்த பில் ஒரு யூகம்தான்.

கலோரிஃபிக் வேல்யூ. ஒரு கன மீட்டர் கேஸை எரித்தால் எத்தனை மெகாஜூல் வெப்பம் வரும் என்ற எண். வெவ்வேறு இடத்திலிருந்து வரும் கேஸ் ஒரே தரத்தில் இருக்காது என்பதால் இது நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். நாட்டை 13 மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தினமும் கணக்கிடுகிறார்கள், பில்லில் இருப்பது உங்கள் பில் காலத்துக்கான சராசரி. பெரும்பாலும் 39க்குப் பக்கத்தில் இருக்கும். 37.5க்கும் 43க்கும் வெளியே இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துக் கேளுங்கள்.

வால்யூம் கரெக்‌ஷன். இது 1.02264. கேஸ் சூட்டில் விரியும், அழுத்தத்தில் சுருங்கும், அதைச் சரிக்கட்டத்தான் இந்த எண். ஒவ்வொரு வீட்டுக்கும் வெப்பநிலை பார்த்து மாற்ற முடியாது என்பதால் 1996ஆம் ஆண்டு விதிமுறைப்படி எல்லா வீடுகளுக்கும் ஒரே எண். இதை வைத்துச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கிலோவாட் மணியின் விலை, ஒரு நாளைய ஸ்டாண்டிங் சார்ஜ் (கேஸ் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் நிலையான கட்டணம்), எத்தனை நாள் என்ற விவரம்.

எம்பிஆர்என் என்று ஓர் எண்ணும் இருக்கும், 6 முதல் 10 இலக்கம். அது உங்கள் வீட்டு கேஸ் இணைப்பின் எண். மீட்டரை மாற்றினாலும் கம்பெனியை மாற்றினாலும் அது மாறாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் புகாரிலும் முதலில் கேட்பது இதைத்தான்.

4. கணக்கைப் போடுங்கள்

எங்கள் ஜனவரி பில்லையே எடுத்துக்கொள்கிறேன். விலைகளை மட்டும் எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்ணாக்கியிருக்கிறேன்: கிலோவாட் மணிக்கு 6 பென்ஸ், நாளுக்கு 30 பென்ஸ்.

முந்தைய ரீடிங் 04217. இப்போதைய ரீடிங் 04342. வித்தியாசம் 125 யூனிட். மீட்டர் மெட்ரிக் என்பதால் இது 125 கன மீட்டர்.

125 × 1.02264 = 127.83
127.83 × 39.4 (கலோரிஃபிக் வேல்யூ) = 5036.5 மெகாஜூல்
5036.5 ÷ 3.6 = 1399 கிலோவாட் மணி

கடைசியில் 3.6ஆல் வகுப்பது, 3.6 மெகாஜூல் சேர்ந்தது ஒரு கிலோவாட் மணி என்பதால்.

இம்பீரியல் மீட்டர் என்றால் தொடக்கத்திலேயே ஒரு படி கூடும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர், ஆகவே யூனிட்டை முதலில் 2.83ஆல் பெருக்கிவிட்டு மேலே உள்ள மூன்று வரிகளைச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் மெட்ரிக் மீட்டர் இருந்தும் கம்பெனி செய்தது இதைத்தான்:

125 × 2.83 = 353.75, அதிலிருந்து 3959 கிலோவாட் மணி.

முந்தைய குடித்தனக்காரர் காலத்தில் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் பதிவேட்டில் சீரியல் நம்பரை மாற்றியவர்கள், அளவின் வகையை மாற்றவில்லை. பில்லில் ஒரு தடயம் கண்ணெதிரே இருந்தது. மீட்டரில் ஐந்து இலக்கம், பில்லில் 4217, 4342 என்று நான்குதான் அச்சாகியிருந்தது. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இம்பீரியல் என்று பதிவாகியிருந்ததால்தான் நான்கு இலக்கம் அச்சானது.

இவ்வளவு கணக்குக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பில்லில் உள்ள கிலோவாட் மணியை யூனிட் வித்தியாசத்தால் வகுங்கள். விடை 11 சொச்சம் வந்தால் உங்களை மெட்ரிக் என்று வைத்து பில் போடுகிறார்கள். 32க்குப் பக்கத்தில் வந்தால் இம்பீரியல். இப்போது மீட்டரின் முகத்தோடு ஒப்பிடுங்கள். இந்த ஒரு வகுத்தலை ஜனவரியிலேயே செய்திருந்தால் பிப்ரவரியில் பிள்ளை குளிரில் இருந்திருக்க மாட்டாள்.

5. பவுண்டாக மாற்றுங்கள்

1399 × 6 பென்ஸ் = 83.94 பவுண்ட்
31 நாள் × 30 பென்ஸ் = 9.30
கூட்டினால் 93.24, அதன்மேல் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி 4.66
மொத்தம் 97.90 பவுண்ட்

தவறான கணக்கில் இதே வரிகள் 259.18 என்று முடிகின்றன.

உங்கள் பில்லில் அச்சிட்ட விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று கவனியுங்கள். விளம்பரத்திலும் செய்தியிலும் சொல்லும் விலை பெரும்பாலும் வரி சேர்த்தது, பில்லில் வரியைத் தனியாகக் கடைசியில் போடுவார்கள். இரண்டையும் கலந்தால் 5 சதவீதம் இடிக்கும், வீணாகக் கம்பெனியைச் சந்தேகிப்பீர்கள். தசமத்தை எங்கே முழுமையாக்குகிறார்கள் என்பதால் சில பென்ஸ் வித்தியாசம் வரலாம். அதை விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டிங் சார்ஜ் கேஸே எரிக்காத நாளுக்கும் உண்டு. கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் ஊருக்குப் போனாலும் ஏறும்.

மாதாமாதம் வங்கியிலிருந்து போகும் டைரக்ட் டெபிட் தொகை உங்கள் பில் அல்ல. அது ஆண்டுச் செலவை அவர்கள் கணித்துப் பன்னிரண்டாகப் பிரித்தது. பில் தவறாக இருந்தால் அந்தக் கணிப்பும் தவறாக ஏறும். எங்களுக்கு அந்த ஜனவரி பில்லை வைத்தே மாதத் தொகையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திக் கடிதம் வந்தது.

6. நம்மவர்கள் அடிக்கடி விழும் குழிகள்

சிவப்பு இலக்கங்களையும் சேர்த்து ரீடிங் அனுப்புவது. 04342.687 என்றால் அனுப்ப வேண்டியது 04342 மட்டும். சேர்த்து அனுப்பினால் ஆப் ஏற்றுக்கொள்ளாமல் விடலாம். ஏற்றுக்கொண்டால் அது இன்னும் மோசம்.

விலை மாறும் நாளில் ரீடிங் கொடுக்காமல் விடுவது. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் விலை உச்சவரம்பு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் மாறுகிறது. நிலையான விலை ஒப்பந்தத்தில் இல்லாதவர்கள், ஸ்மார்ட் மீட்டரும் இல்லாதவர்கள், அதற்கு முந்தைய நாளே ரீடிங் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் பழைய விலையில் எரித்தது எவ்வளவு, புதிய விலையில் எவ்வளவு என்று அவர்களாகவே பிரிப்பார்கள்.

பில் குறைவாக வந்தால் சந்தோஷப்பட்டுப் பேசாமல் இருப்பது. இம்பீரியல் மீட்டரை மெட்ரிக் என்று பதிந்திருந்தால் பில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். என்றாவது ஒருநாள் கண்டுபிடித்து மொத்தமாகக் கேட்பார்கள். இங்கே ஒரு பாதுகாப்பு உண்டு: கம்பெனியின் தவறால் பில் போடாமல் விட்டது 12 மாதத்துக்கு முந்தையது என்றால் அதை உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்ற விதி 2018 மே முதல் வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் ரீடிங் எடுக்க விடாமல் தடுத்திருந்தால் அது பொருந்தாது. அந்த 12 மாதக் கெடு அவர்கள் உங்களிடம் கேட்பதற்குத்தான். அவர்கள் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணத்துக்கு அதைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

7. தவறு உறுதியானால் செய்ய வேண்டியது

நான் முதலில் நான்கு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. "குளிர்காலத்தில் அப்படித்தான் வரும்" என்றே மூன்று பேர் சொன்னார்கள். வேலை நடந்தது எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான். ஆகவே நேராக அங்கிருந்தே தொடங்குங்கள்.

போனில் பேச வேண்டி வந்தால் ஒரே வாக்கியம் போதும்: "மை மீட்டர் இஸ் மெட்ரிக், யூ ஆர் பில்லிங் இட் ஆஸ் இம்பீரியல்." பில் அதிகம், கட்ட முடியவில்லை என்று தொடங்கினால் தவணைத் திட்டம் பற்றிப் பேசுவார்கள், கணக்கைத் தொட மாட்டார்கள்.

மின்னஞ்சலில் "கம்ப்ளெயின்ட்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள். சும்மா விசாரணை என்று பதிந்துவிட்டால், கீழே சொல்லும் எட்டு வாரக் கெடு ஓடத் தொடங்காது. உடன் இணைக்க வேண்டியவை:

மீட்டர் முகத்தின் போட்டோ, எடுத்த தேதியோடு. ஒரு வாரம் கழித்து எடுத்த இன்னொன்றும் இருந்தால் நல்லது.
வாடகை ஒப்பந்தத்தில் குடிவந்த தேதி உள்ள பக்கம்.
குடிவந்த அன்று ஏஜென்ட் கொடுத்த இன்வென்டரி (வீட்டில் என்னென்ன, எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல்). அதில் மீட்டர் ரீடிங் எழுதியிருப்பார்கள், பலர் படிக்காமலே வைத்திருப்போம்.
சம்பந்தப்பட்ட எல்லா பில்களும்.
நீங்கள் போட்ட கணக்கு, மேலே காட்டியது போல வரிவரியாக.

கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: பதிவேட்டில் மீட்டர் வகையைத் திருத்த வேண்டும், நான் குடிவந்த நாளிலிருந்து எல்லா பில்லையும் மறுபடி போட வேண்டும், கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், டைரக்ட் டெபிட் தொகையைக் குறைக்க வேண்டும். "கிரெடிட்டாக வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் பணம் கட்டுவதை அடியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கணக்குப்படி வரும் தொகையைக் கட்டிவிட்டு, மீதி தகராறில் இருக்கிறது என்று எழுதுங்கள். கடன் வசூல் கடிதங்கள் வந்தால் உங்கள் கையில் ஒரு பதில் இருக்கும். எங்களுக்கு ஒன்று வந்தது. என் மனைவி அன்று இரவு தூங்கவில்லை.

புகார் கொடுத்த நாளிலிருந்து எட்டு வாரம் அவர்களுக்கு அவகாசம். அதற்குள் தீரவில்லை என்றாலோ, "இதற்கு மேல் எங்களால் ஆகாது" என்று டெட்லாக் கடிதம் கொடுத்தாலோ எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் (கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் தனி அமைப்பு) போகலாம். அந்தக் கடிதம் கிடைத்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் உள்ளவர்கள் உங்கள் ஊர் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் அலுவலகத்துக்குப் போங்கள், அதுவும் இலவசம்.

எனக்கு ஆறாவது வாரத்தில் திருத்திய பில் வந்தது, பணம் அதற்கு அடுத்த வாரம்.

கணக்கெல்லாம் சரியாக இருந்து, மீட்டரே வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகம் வந்தால் அது வேறு வழக்கு. மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். ஆனால் மீட்டர் சரி என்று முடிவு வந்தால் சோதனைச் செலவை உங்கள் தலையில் கட்டலாம். எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

8. வீட்டுக்குள் நுழையும் நாளும் வெளியேறும் நாளும்

சாவி வாங்கிய அன்றே, பெட்டியை இறக்குவதற்கு முன்பே, மீட்டரைப் போட்டோ எடுங்கள். நீங்கள் எந்தக் கம்பெனியையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும், அந்த வீட்டுக்கு ஏற்கெனவே கேஸ் கொடுக்கும் கம்பெனியோடு அன்றிலிருந்தே உங்களுக்கு ஒப்பந்தம் இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். அது எந்தக் கம்பெனி என்று வீட்டு ஏஜென்ட்டிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அஞ்சல் குறியீட்டைப் போட்டு இணையத்தில் தேடும் இலவசச் சேவை இருக்கிறது, எம்பிஆர்என் எண்ணும் அங்கேயே கிடைக்கும். அந்த வாரத்துக்குள் ரீடிங்கை அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் முந்தைய குடித்தனக்காரரின் கடைசி வாரங்களும் உங்கள் பில்லில் ஏறலாம்.

காலி செய்யும் அன்றும் அதேபோல ஒரு போட்டோ எடுத்து ரீடிங் அனுப்புங்கள், புது முகவரியையும் கொடுங்கள். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். வந்ததும் கிலோவாட் மணியை யூனிட்டால் வகுத்துப் பார்த்துவிட்டு, 11 சொச்சமா 32ஆ என்று தெரிந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.